எல்லோருக்கும் காய்ச்சல்

காய்ச்சலில் போனவர்கள் என்றுதான் அந்த வீட்டு ஆண்களைப் பற்றி அவளிடம் சொல்லியிருந்தார்கள். சம்பந்தம் பேச வந்த அன்றே மாமியார் அதை மனப்பாடப் பாட்டுபோல ஒப்பித்துவிட்டாள். மாமனார் காய்ச்சலில் போனார், அவருடைய அண்ணனும் காய்ச்சலில் போனார், மூத்த மகன் மட்டும் லாரியிலிருந்து தவறி விழுந்து போனான். அப்போது அவளுக்கு இதையெல்லாம் துருவிக் கேட்கிற வயசில்லை. மாப்பிள்ளை லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வெல்டர், குடிக்க மாட்டார், கைச்சுத்தம் என்று சொன்னார்கள். அது போதுமென்று இருந்தது.

துருவிக் கேட்க வேண்டிய நாள் பதினைந்து வருஷம் கழித்து வந்தது. மகள் பள்ளிக்கூட மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தவள், யாரும் தள்ளாமல், எதுவும் தடுக்காமல், வெட்டிப் போட்ட கொடிபோல விழுந்தாள். தண்ணீர் தெளித்ததும் எழுந்துவிட்டாள். "வெயில்ல சாப்பிடாம ஓடியிருப்பா" என்றார்கள். அடுத்த மாதம் மழைக்கால ஆரம்பத்தில், சாப்பிட்டுவிட்டு ஓடியபோதும் விழுந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் இளவயதுக்காரர். காகிதச் சுருளில் ஏறி இறங்கிய கோடுகளை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது ரெண்டுங்கெட்டானா இருக்கும்மா. இதை வெச்சு உண்டுன்னும் சொல்ல முடியல, இல்லைன்னும் சொல்ல முடியல. உங்க ரெண்டு பேர் குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு விழுந்து செத்திருக்காங்களா? ஓடும்போது, வேலை செய்யும்போது?"

"என் பக்கம் யாரும் இல்ல சார். எல்லாரும் கிழடுதட்டித்தான் போனாங்க" என்றாள். மாமியாரைப் பார்த்தாள்.

"எங்க பக்கமும் யாரும் இல்ல" என்றாள் மாமியார். கேள்விக்காகவே காத்திருந்து விழுந்த பதில் அது.

"அப்படி யாராவது போயிருந்தா நெஞ்சுக்குள்ள ஒரு சின்னக் கருவி வைக்கணும். இதயம் நின்னா அது தட்டி எழுப்பும். இல்லைன்னா மருந்து குடுத்து ஆறு மாசம் பொறுத்துப் பார்க்கலாம். சும்மா வைக்கிற சமாச்சாரம் இல்ல அது. புள்ள நெஞ்சுல காலத்துக்கும் இருக்கும். அப்பா கையெழுத்துப் போடணும்." சம்மதக் காகிதத்தை மடித்துக் கொடுத்தவர், அவள் எழுந்தபோது குரலைத் தணித்தார். "பெரியவங்களுக்கு மறந்திருக்கலாம். சுடுகாட்டு ஆபீஸ்ல பழைய பதிவு இருக்கும், வயசும் காரணமும் எழுதியிருப்பாங்க. சில குடும்பத்துல அங்க போய்ப் பார்த்துத்தான் விஷயமே தெரிய வந்திருக்கு."

அவள் வேலை பார்ப்பது நீராவிச் சலவைக்கூடத்தில். விடுதிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை இரண்டிரண்டு பேராக நின்று இழுத்து மடிக்கும் வேலை. ஒருத்தி ஒரு நுனியைப் பிடிக்க, எதிரே நிற்பவள் மறு நுனியைப் பிடிக்க, உதறி, எட்டு வைத்து, நுனியோடு நுனி சேர்க்க வேண்டும். ஆவியில் எதிரே நிற்பவளின் முகம் தெரியாது. இழுக்கிற விசையை வைத்தே அவள் இன்றைக்கு எந்த மனநிலையில் இருக்கிறாள் என்று சொல்லிவிடலாம்.

"ஏன்டி, விரிப்பையா இழுக்கிற, என் தோளையா?" என்றாள் எதிரே நின்றவள் மறுநாள். "யார் மேல கோபம்?"

"எங்க மாமியார் பொய் சொல்றாங்க."

"இதைக் கண்டுபிடிக்க உனக்குப் பதினஞ்சு வருஷமா? நான் வந்த மறுநாளே கண்டுபிடிச்சேனே!"

சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுகையும் வந்தது. ஆவி இருந்ததால் இரண்டும் வெளியே தெரியவில்லை.

வீட்டில் மாமியார் கூடத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுக் கடைகளுக்கு மூட்டைக் கணக்கில் உரித்துக் கொடுக்கும் வேலை அது. வீடு, துணி, குடிக்கும் தண்ணீர் எல்லாவற்றிலும் பூண்டு நாற்றம்தான். மாமியாருக்கு விரல் நுனிகளில் தோல் தேய்ந்து பளபளவென்றிருக்கும். சூடு, குளிர் எதுவும் விரலில் உறைக்காது, உள்ளங்கையில்தான் உறைக்கும் என்பாள்.

"அத்தை, மாமா போனப்ப எத்தனை நாள் காய்ச்சல்ல கெடந்தாரு?"

"யாருக்குத் தெரியும்? எத்தனையோ வருஷம் ஆச்சு."

"ஒரு நாளா, ஒரு வாரமா? அதுகூடவா மறந்துபோச்சு?"

"புருஷனைப் பறிகொடுத்தவளைப் பார்த்து நாள் கணக்குக் கேக்கறியே, உனக்கு நெஞ்சுல ஈரமே கெடையாதா? போ, போய் உலை வை. அவன் பசியோட வருவான்."

பட்டறையிலிருந்து வந்த கணவன் கண் சிவக்க உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தான். அன்றைக்கு இரும்புச் சட்டம் தூக்க ஆள் குறைவாம், தானே தூக்கினானாம். மாமியாரின் கை பூண்டின் மேல் அப்படியே நின்றது.

"உன்னை யாரு தூக்கச் சொன்னது? எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? நெருப்பு வேலையை மட்டும் பாரு, சுமை தூக்காதேன்னு!"

"வேலைக்குப் போற இடத்துல எங்க அம்மா வேண்டாம்னு சொன்னாங்கன்னா சொல்ல முடியும்?"

பதினைந்து வருஷமாக இந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மகன்மேல் தாய்க்குள்ள பாசம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அன்றைக்குத்தான் அது பயமென்று உறைத்தது.

சனிக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு சுடுகாட்டுக்குப் போனாள். தூறல் விடவில்லை. ஒரு பக்கம் புதைக்கும் நிலம், சேறும் களையுமாக. மறுபக்கம் எரிக்கும் கொட்டகை, உயரமான புகைக்குழாயோடு. இரண்டுக்கும் நடுவில் தகரக் கூரை போட்ட ஆபீஸ் அறை. உள்ளே எழுத்தர், வாய் பிளந்து கொட்டாவி விட்டபடியே அவளை உட்காரச் சொன்னார். ஊரில் அவருக்குக் கொட்டாவி என்றே பெயர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, பொழுதுபோக வந்து பேசுகிறவர்கள் இல்லாத ஆபீஸ் அது.

"யாராவது போயிட்டாங்களா?"

"இல்லைங்க. முன்ன போனவங்களைப் பத்திப் பார்க்கணும்."

"அப்ப அவசரம் இல்ல" என்று தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு பழைய பதிவேடுகளை இறக்கி, தூசி தட்டி, கடைசிப் பக்கங்களைப் புரட்டினார். பின்பக்கத்தில் தெருவாரியாகப் பிரித்து எழுதியிருந்தது. மர அறுவை ஆலைக்குப் பின்னாலிருந்த சந்தின் பெயரைச் சொன்னாள். கணவன் பிறந்து வளர்ந்த சந்து அதுதான்.

மாமனாரின் பெயர் அகப்பட்டது. வயசு முப்பத்தெட்டு. காரணம், காய்ச்சல். அவருடைய அண்ணன் பெயரும் அகப்பட்டது. முப்பத்தைந்து. காய்ச்சல். அவர்களுடைய அப்பா. நாற்பது. காய்ச்சல். பார்க்கப் பார்க்க, அந்தப் பக்கத்தில் அவளுக்குச் சம்பந்தமில்லாதவர்களுக்கும் காய்ச்சலாகவே இருந்தது. அடுத்த பக்கத்திலும். அதற்கடுத்ததிலும்.

"என்னங்க இது? ஊர்ல அந்தக் காலத்துல வேற வியாதியே கெடையாதா?"

எழுத்தர் கொட்டாவியைப் பாதியில் நிறுத்திச் சிரித்தார். "இந்த வாசலுக்குள்ள எல்லாருக்கும் காய்ச்சல்தான்மா. தூக்கு மாட்டிக்கிட்டவனுக்கும் காய்ச்சல், கிணத்துல விழுந்தவளுக்கும் காய்ச்சல். வேற எதை எழுதினாலும் போலீஸ் சீட்டு வேணும், அறுத்துப் பார்த்துத்தான் குடுப்பாங்க. அழுதுட்டு நிக்கிறவங்களை அலைய விடறதா? என்ன காய்ச்சலான்னு நாங்க கேப்போம், ஆமா காய்ச்சல்னு அவங்க சொல்வாங்க. எனக்கு முன்ன இருந்தவரும் அப்படித்தான், அவருக்கு முன்ன இருந்தவரும் அப்படித்தான்."

"கொட்டகையில எரிச்சவங்களுக்கு?"

"அதுக்கு டாக்டர் காகிதம் கட்டாயம். அது வேற ஏடு." அதையும் எடுத்துப் போட்டார். கணவனுடைய அண்ணன் அதில் இருந்தான். லாரியிலிருந்து விழுந்தவன். காரணம், இதயம் நின்றுவிட்டது. அதற்கு மேலே இருந்தவருக்கும், கீழே இருந்தவருக்கும் இதயம் நின்றுவிட்டது.

"யாருக்குத்தான் நிக்கல?" என்றார் எழுத்தர். "மண்ணுக்குப் போனா காய்ச்சல், நெருப்புக்குப் போனா இதயம். ரெண்டு டாக்டர் கூடிப் பேசி எழுதினாலும் இதுக்கு மேல எழுத மாட்டாங்க."

இந்த ஏட்டை நம்பி மகளின் நெஞ்சைக் கிழிக்கவும் முடியாது, கிழிக்காமல் விடவும் முடியாது. விரலை வைத்து மாமனாரின் வரியை இன்னொரு தடவை ஓட்டினாள். கடைசிக்கு முந்தின கட்டத்தில் 'ஆலை' என்று எழுதியிருந்தது.

"இது என்னங்க?"

"பொணம் எங்கேருந்து வந்துதுன்னு. தள்ளுவண்டிக்காரனுக்குத் தூரத்துக்கு ஏத்த கூலி. அதனால அதுல மட்டும் பொய் எழுத விட மாட்டான்."

மாமனார், ஆலை. அவருடைய அண்ணன், ஆலை. அவர்களுடைய அப்பா, 'ஏரிக்கரை ரோடு'.

"காய்ச்சல்காரன் மரம் அறுக்கப் போவானா?" என்றாள், எழுத்தரிடம் இல்லை, தன்னிடமே.

"போக மாட்டான்" என்றார் எழுத்தர். முதல் தடவையாக அவர் கொட்டாவி விடவில்லை.

மூடப் போனபோதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. மாமனார் வரிக்குப் பல வருஷம் முந்தியது. பெயர் போட வேண்டிய இடத்தில் மாமனாரின் பெயரும், அதற்குப் பக்கத்தில் 'மகள்' என்றும் எழுதியிருந்தது. வயசு ஏழு. காய்ச்சல். வீடு.

"சின்னப் பிள்ளைங்களுக்குப் பேர் எழுத மாட்டாங்க. அப்பா பேர்தான்" என்றார் எழுத்தர்.

தனக்கு ஒரு நாத்தனார் இருந்திருக்கிறாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு பேச்சில், ஒரு பெருமூச்சில்கூட அந்தப் பிள்ளை வந்ததில்லை.

"இது நெஜக் காய்ச்சலா, வாசல் காய்ச்சலா?"

"அதை எழுதினவர்கிட்ட கேட்டாலும் தெரியாதும்மா. அவரும் உள்ளதான் கெடக்கார், மூணாவது வரிசையில. அவருக்கும் காய்ச்சல்தான்."

ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. பட்டறை விடுமுறை. மகள் கீழ்வீட்டில் சிநேகிதியோடு படித்துக்கொண்டிருந்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து, கணவன் ஜன்னலோரம் சாய்ந்திருக்க, மாமியார் பூண்டு முறத்தை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவளும் எதிரே உட்கார்ந்து ஒரு பிடி அள்ளி உரிக்க ஆரம்பித்தாள்.

"என்ன அதிசயம், மழை வருது" என்றாள் மாமியார்.

"மழை நேத்தே வந்துடுச்சு அத்தை. நான் நேத்துச் சுடுகாட்டு ஆபீசுக்குப் போயிருந்தேன்."

மாமியார் நிமிரவில்லை. உரித்த பல்லை உரிக்காத குவியலில் போட்டாள்.

"மாமாவை ஆலையிலேருந்து தூக்கிட்டு வந்திருக்காங்க. பெரியவரையும் அப்படித்தான். தாத்தாவை ரோட்டுலேருந்து. எல்லாம் நாப்பதுக்குள்ள."

கணவன் எழுந்து உட்கார்ந்தான். "என்ன சொல்ற நீ? அப்பா வீட்டுலதானே..."

"உங்க அம்மாவைக் கேளுங்க."

மாமியார், யாரையும் பார்க்காமல், முறத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"ரம்பத்துக்குப் பக்கத்துல நின்னுட்டு இருந்தவரு. கட்டையைத் தூக்கி வெச்சாரு, உக்காந்தாரு, அவ்வளவுதான். அவங்க அண்ணனும் அப்படியே. பெரியவன் லாரியிலேருந்து விழுந்து சாகல, செத்துத்தான் விழுந்தான். போதுமா? இப்ப உனக்கு மனசு குளிருதா?"

"ஏன்மா எங்கிட்ட சொல்லல?" என்றான் கணவன்.

"சொல்லி? நீ இன்னிக்கா நாளைக்கான்னு எண்ணிட்டு உக்காந்திருக்கவா? எண்ண ஒருத்தி போதாதா? நான் எண்ணிட்டுத்தானே இருக்கேன்? உனக்கு நாப்பது தாண்டின அன்னிக்குத்தான் நான் முழுசாத் தூங்கினேன்."

"எனக்குச் சொல்லியிருக்கணும்" என்றாள் மருமகள். "கல்யாணத்துக்கு முன்னயே சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

"மாட்டேன்."

"அப்ப பேசாதே."

"பேசுவேன். டாக்டர் கேட்டப்ப முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சீங்களே, அது யாருக்காக? அப்ப நான் ஏற்கெனவே வந்தாச்சே! எம் புள்ள விழுந்து கெடக்கறாளே!"

"அவ பொம்பளைப் புள்ள!" மாமியாரின் குரல் உடைந்து உயர்ந்தது. "இந்தச் சனியன் ஆம்பளைங்களைத்தான் தேடும். இந்த வம்சத்துல ஒரு பொண்ணு அப்படிப் போனதில்ல. அவளுக்கு ரத்தம் பத்தல, அவ்வளவுதான். அதுக்குப் போய் நெஞ்சைக் கிழிச்சு இரும்பை வெச்சு, நாளைக்கு அவளை யார் கட்டுவான்? நான் மறைச்சதை அவ நெஞ்சுல எழுதி ஒட்டச் சொல்றியா?" மகன் பக்கம் திரும்பினாள். "நீ கையெழுத்துப் போடாதே, சொல்லிட்டேன்."

கணவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அம்மா சொல்றதும்... ஆம்பளைங்களுக்கு மட்டும்தான்னா..."

"அப்ப அந்தப் பொண்ணு?" என்றாள் அவள்.

"எந்தப் பொண்ணு?" என்றான் கணவன்.

"உங்க அக்கா. ஏழு வயசு. ஏட்டுல இருக்கா."

மாமியாரின் முகத்தில் கோபம் வடிந்து வேறு ஏதோ வந்தது. மருமகள் அந்த முகத்தை இதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு நிமிஷம் அவள் மாமியாராக இல்லை, யாரோ ஒரு இளவயதுப் பெண்ணாக இருந்தாள்.

"அவளுக்கு நெஜமாவே காய்ச்சல்" என்றாள் மெதுவாக. "அவ அந்தக் கணக்குல வர மாட்டா. மத்தவங்களுக்கு நாங்க பொய் சொன்னோம். அவளுக்கு மட்டும் நெஜம். அவளைப் பத்திப் பேசாதீங்க."

"எத்தனை நாள் காய்ச்சல் அத்தை?"

"அன்னிக்குத்தான்."

"காலைல உடம்பு சரியில்லாம எழுந்தாளா?"

"காலைல என்ன? ஒரு சட்டிக் கஞ்சியை ஒருத்தியே குடிச்சா. அண்ணனுக்கு வைக்கலைன்னு ஒரு அடிகூடப் போட்டேன்." விரல்கள் பூண்டை உரிக்காமல் உருட்டிக்கொண்டிருந்தன. "மத்தியானம் அவங்க அப்பாவுக்கு ஆலைக்குச் சோறு குடுத்தனுப்பினேன். சோறு ஆறிடும், ஓடிப் போயிட்டு ஓடி வாடின்னேன். ஓடுறதுன்னா அவளுக்குக் கொள்ளை ஆசை. போனா, வந்தா. தூக்குச்சட்டியை வெச்சா. முத்தத்துல சுருண்டு படுத்துட்டா. விளையாடறான்னு நெனச்சேன். நீ கைக்குழந்தை, ஓயாம அழுதே. உன்னைத் தூங்க வெச்சுட்டு வந்து எழுப்பினேன். எழுந்திருக்கல. நெத்தியில இந்தக் கையை வெச்சேன். கொதிச்சுதுடா. அடுப்புக் கல்லு மாதிரி கொதிச்சுது. உடம்பெல்லாம். எவ்வளவு காய்ச்சல் இருந்தா அப்படிக் கொதிக்கும்?"

மாமியார் கையிலிருந்த பல்லை முறத்தில் போட்டாள்.

"ஈரத்துணி போட்டேன். கொஞ்ச நேரத்துல ஜில்லுன்னு ஆயிடுச்சு. காய்ச்சல் விட்டுடுச்சுன்னு பக்கத்து வீட்டுக்காரிகிட்ட ஓடிப் போய்ச் சொன்னேன். அவதான் வந்து பார்த்து..." நிறுத்தினாள்.

கணவன் தொண்டையைச் செருமினான். கேட்க விரும்பாத கேள்வியைக் கேட்கிறவன் குரலில் கேட்டான். "அம்மா, அந்த முத்தத்துல நெழல் உண்டா?"

"மத்தியானத்துல ஏதுடா நெழல்? கோடை. நெல்லு காய வெச்சா ஒரு பொழுதுல காஞ்சுடும். காலை வைக்க முடியாது, தரை..."

வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. மருமகள் பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்த வேண்டும், இதோடு போதும் என்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதற்குள் மாமியார் வலது உள்ளங்கையைத் திருப்பி, யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"தரையும் அப்படித்தான் கொதிச்சுது" என்றாள்.

கூரையிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"வெயிலாடா அது?" என்று மகனைக் கேட்டாள். "எங் கையில பட்டது வெறும் வெயிலா?"

அவன் எழுந்து போய் அலமாரியில் மடித்து வைத்திருந்த ஆஸ்பத்திரிக் காகிதத்தை எடுத்தான். தரையிலேயே விரித்து, ஜன்னல் சாரலில் ஈரமான கை பட்டு மை பரவ, கையெழுத்துப் போட்டான். "நாளைக்கே போகலாம்" என்றான் மனைவியிடம். "எனக்கும் பார்க்கச் சொல்லணும்." அவள் தலையசைத்தாள். மாமியாரைத் திட்டுவதற்காக நேற்றிலிருந்து சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றுகூட அவள் வாயில் மிச்சமில்லை.

அந்த நேரத்தில் கீழே கதவு திறந்தது. படித்து முடித்த மகள் மழையில் நனையாமலிருக்க வெளிப்படிக்கட்டில் தடதடவென்று ஏறிவரும் சத்தம் கேட்டது.

பெற்றவள் எழுவதற்குள் மாமியார் எழுந்துவிட்டாள். முறம் கவிழ்ந்து பூண்டெல்லாம் சிதறியது. முழங்கால் வலிக்காரி, சுவரைப் பிடிக்காமல், வாசலைத் தாண்டி மேல்படியில் மழையிலேயே போய் நின்றாள்.

"ஓடாதே! நடந்து வா, கண்ணு. நடந்து வா."

"நனையறேனே!"

"நனைஞ்சா நனையட்டும்! சோறு ஆறினா ஆறட்டும், எதுவும் ஆறிப் போகட்டும். நீ நடந்து வா."

பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு, மழையில் தொப்பலாக நனைந்தபடி, ஒவ்வொரு படியாகக் கால் வைத்து மேலே ஏறி வந்தாள்.